கிளைப் பாதைக்கு இறக்கை முளைத்த கதை

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், பக்கத்திலேயே ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இன்னோர் இடத்தையும் காட்டுவேன். அங்கே பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. ரயில் ஓடிய தடம் அது.

1893இல் தாப்பா ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் தண்டவாளம் போட்டார்கள். அப்போது ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். 1982இல்தான் இந்தான் ஆனது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் இந்தத் தடத்தில் வந்து, பேராக் ஆற்றங்கரையில் கப்பலேறியது. பிறகு ரப்பர் வந்தது. தண்டவாளம் போட்ட கைகளிலும் பால் மரம் வெட்டிய கைகளிலும் எத்தனையோ கைகள் தமிழ்க் கைகள். பெரிய பாதை வடக்கே பிறைக்கும் தெற்கே கோலாலம்பூருக்கும் போக, நம்முடையது அதிலிருந்து பிரிந்து வந்த சிறு கிளை. ரயில்வேக்காரர்கள் 'பிராஞ்ச் லைன்' என்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அப்பா தோளில் உட்கார்ந்து அந்த ரயிலுக்குக் கையசைத்திருக்கிறேன். பிறகு லாரி வந்தது, பஸ் வந்தது, கணக்குப் பார்த்தார்கள், கிளை நட்டம் என்றார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

கிளை வெட்டுப்பட்ட ஊரில் வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, தேசிய விமான நிறுவனம் ஒன்று சிறிய ஊர்களுக்கென்று தனியாக ஒரு பிள்ளையைப் பெற்றெடுத்த கதை என் மனதை விட்டு அகல்வதில்லை. ஃபயர்ஃபிளை என்று பெயர் வைத்தார்கள். மின்மினி. 2007 ஏப்ரல் 3ஆம் தேதி பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு அது முதன்முதலாகப் பறந்தது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. எங்கள் ஊர்ப் படித்துறைக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

தெலுக் ஆன்சன் துறைக்கு வந்துபோன கப்பல்களில் ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனியின் கப்பல்கள் முக்கியமானவை. 1890இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனி அது. சிங்கப்பூர், மலாக்கா, கிள்ளான் துறைமுகம், தெலுக் ஆன்சன், பினாங்கு என்று கரையோரமாகவே ஊர்ந்து போகும் கப்பல்கள். ஆற்று முகத்துவாரங்களில் பெரிய கப்பல் தரை தட்டும் என்பதை அவர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். 75 டன்னுக்கு உட்பட்ட சிறு கப்பல்களாகப் பார்த்துக் கட்டினார்கள். அந்த அளவுக்குக் குறைவான கப்பலை உள்ளூர் மலாய் மாலுமிகளே தலைமையேற்று ஓட்டலாம் என்று சட்டம் இருந்தது, செலவும் குறைந்தது. சின்னத் துறைக்குச் சின்னக் கப்பல். இந்தப் பாடத்தை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து இதே பாடத்தை ஆகாயத்தில் மறுபடி படிக்க வேண்டி வந்தது.

1937இல் இந்த ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்டீம்ஷிப்பும், லிவர்பூலின் ஓஷன் ஸ்டீம்ஷிப்பும், பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸும் சேர்ந்து மலாயன் ஏர்வேஸ் என்ற கம்பெனியைப் பதிவு செய்தன. நம் ஆற்றில் புகைவிட்டுப் போன அதே கப்பல் கம்பெனிதான் நாட்டின் விமான நிறுவனத்துக்கும் தகப்பன்களில் ஒருவன். பதிவு செய்ததோடு சரி, போர் வந்துவிட்டது. போர் முடிந்து 1947 மே 1ஆம் தேதிதான் வாராந்தரச் சேவை தொடங்கியது: சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு. விமானத்தின் பெயர் ஏர்ஸ்பீட் கான்சல். இரண்டு இயந்திரம், ஐந்து பயணிகள். பணிப்பெண் கிடையாது. தெர்மாஸ் குடுவையில் ஐஸ் தண்ணீர் இருக்கும், அவ்வளவுதான் உபசாரம்.

ஈப்போவின் பெயர் அந்த முதல் பட்டியலிலேயே இருப்பதைப் பேராக்காரன் என்ற முறையில் பெருமையோடு சொல்லிக்கொள்வேன். ஆக, மலாயாவின் விமானச் சேவை லண்டனுக்கும் சிட்னிக்கும் பறப்பதற்காகப் பிறக்கவில்லை. பிறந்தபோதே அது ஒரு வட்டாரச் சேவை. ஈப்போவில் நின்று, பினாங்கில் நின்று போன அஞ்சல் பஸ் மாதிரி.

அதன் பிறகு பெயர்கள் மாறின. மலேசியன் ஏர்வேஸ், பின்னர் மலேசியா சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். இரண்டு நாடுகள் பிரிந்தபின் ஒரே விமான நிறுவனத்தை வைத்துக் குடித்தனம் நடத்த முடியவில்லை. சிங்கப்பூருக்கு வெளிநாடுகள்தான் முக்கியம். அந்தத் தீவுக்குள் எங்கே பறப்பது? மலேசியாவுக்கு உள்நாடு வேண்டும். கோத்தா பாருவும் சிபுவும் தாவாவும் வேண்டும். 1972 அக்டோபர் 1ஆம் தேதி மலேசியாவின் தேசிய விமான நிறுவனமான மாஸ் தனியாகப் பறக்கத் தொடங்கியது. வாலில் வாவ் பட்டம். அந்தத் தேதியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

குறுந்தூரப் பறப்பு ஏன் நட்டத்தில் போய் முடிகிறது என்பதை ஒரு மாஸ் பொறியாளர் எனக்குப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். விமானம் எண்ணெயை அதிகம் குடிப்பது மேலே ஏறும்போதுதான். மூன்று மணி நேரம் பறக்கிற விமானம் ஒரு தடவை ஏறி, நிம்மதியாக உயரத்தில் மிதந்து, ஒரு தடவை இறங்கும். 45 நிமிடம் பறப்பதோ ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்துக்குக் கட்டணம். சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் தேய்மானம். இயந்திரத்தின் ஆயுளில் பாதியைப் பறந்த மணிக்கணக்கு தின்கிறது என்றால் மீதியை ஏறி இறங்கிய எண்ணிக்கை தின்கிறது. கோலாலம்பூர் ஓடுபாதைக்கும் லண்டன் ஓடுபாதைக்கும் ஏற்ற ஜெட் விமானத்தைக் கொண்டுபோய் அறுபது பேர் மட்டும் ஏறும் ஊரில் நிறுத்தினால் மிச்ச நாற்காலிகள் சும்மா பறக்கும். இத்தனைக்கும் மேலே, அந்நாளில் உள்நாட்டுக் கட்டணத்தை நிறுவனம் தன் விருப்பத்துக்கு ஏற்ற முடியவில்லை. அரசாங்கம் சம்மதிக்க வேண்டியிருந்தது. அது ஏழைகளையும் நினைத்து எடுத்த முடிவு, தவறென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் பாரத்தை யாராவது ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். மாஸ் சுமந்தது.

அந்தப் பாரத்தின் எடை எவ்வளவு என்பதை நான் கணக்குப் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒரு தராசில் நின்று பார்த்தேன்.

1994இல் என்னைச் சரவாக்கின் பாரியோவுக்கு ஆசிரியராக மாற்றினார்கள். கெலாபிட் மக்கள் வாழும் மலைச் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். அந்நாளில் சாலையே கிடையாது. காட்டில் நாள்கணக்கில் நடக்கலாம், அல்லது மீரியிலிருந்து மாஸின் டுவின் ஓட்டர் விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போகலாம். மீரி விமான நிலையத்தில் என் பையை நிறுத்தார்கள். சரிதான் என்று நகர்ந்தேன். முகப்பில் இருந்தவர் மலாயில், "சிக்கு (ஆசிரியரே), நீங்களும் ஏறுங்கள்" என்றார். புரியாமல் நின்றேன். ஆளையும் தராசில் ஏற்றுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பத்தொன்பது பேர் ஏறுகிற சின்ன விமானம். ஒவ்வொருவர் எடையும் எழுதப்பட்டு, அதன்படி யார் எங்கே உட்காருவது என்று முடிவாகும்.

தராசில் ஏறி நின்றபோது தோட்டத்துப் பால் கொட்டகை ஞாபகம் வந்தது. அம்மா வாளிப் பாலைத் தூக்கிக் கொண்டுவந்து வைப்பார். கிராணி முள்ளைப் பார்த்து எழுதுவார். ஒட்டுப்பாலைத் தனியாக நிறுப்பார்கள். கிராணியின் பென்சில் எந்த எண்ணில் நிற்கிறது என்று அம்மா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த எண்தான் எங்கள் வீட்டு அரிசி. மீரியில் எனக்கு முன்னால் நின்ற கெலாபிட் மூதாட்டியும் அதே மாதிரிதான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு சர்க்கரை மூட்டை, ஒரு டின் மண்ணெண்ணெய் விளக்குத் திரி, பேரப் பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து. கொஞ்சம் கூடினால் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போக வேண்டும். கூடவில்லை. எல்லாமும் அவரோடு ஏறியது.

விமானத்தில் விமானிக்கும் எங்களுக்கும் இடையில் கதவில்லை. அவர் கை நெம்புகோலைத் தள்ளுவதும், கண்ணாடிக்கு வெளியே மேகம் பிரிந்து நெல் வயல் தெரிவதும், எல்லாமே என் மடியில் நடப்பது போலிருந்தது. மூன்று ஆண்டு அங்கே இருந்தேன். மேகம் இறங்கினால் விமானம் வராது. விமானம் வராத வாரம் கடையில் உப்பு இருக்காது. பிரசவ வலி கண்ட பெண்ணை அதே விமானத்தில்தான் கீழே அனுப்பினோம். இப்படிப்பட்ட தடத்துக்கு 'நட்டம்' என்ற ஒற்றைச் சொல் போதாது என்று நான் அன்றிலிருந்து நம்புகிறேன்.

ஆனால் நிறுவனத்தின் ஏட்டில் அந்தச் சொல்தான் இருந்தது, அதுவும் பெரிய எழுத்தில். 2005இல் மாஸ் சுமார் 130 கோடி ரிங்கிட் நட்டத்தில் விழுந்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம், 2001இல் ஒரு ரிங்கிட் கொடுத்து டோனி பெர்னாண்டஸ் குழுவினர் வாங்கிய ஏர் ஆசியா மளமளவென்று வளர்ந்து, சாதாரணக் குடும்பங்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரே நாட்டில் ஒரே தடத்தில் இருவரும் அடித்துக்கொள்ள வேண்டாம் என்று அரசாங்கம் தடங்களைப் பங்கிட்டது. 2006 மார்ச்சில் அறிவிப்பு. ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் நடைமுறை. மாஸ் கையில் சில முக்கிய உள்நாட்டுத் தடங்கள் மட்டும். மீதமுள்ள பெரும்பாலானவை ஏர் ஆசியாவுக்கு. சபா, சரவாக்கின் உட்பகுதித் தடங்கள், என் பாரியோ உட்பட, ஏர் ஆசியாவைச் சார்ந்த ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனத்துக்குப் போயின.

மாஸின் கணக்கு அதனால் தேறியது. ஆனால் கிளைகள் இல்லாத மரம் எவ்வளவு நாள் மரமாக இருக்கும்? சின்ன ஊரில் ஏறுகிறவர்தான் கோலாலம்பூரில் இறங்கி லண்டன் விமானத்துக்கு மாறுகிறவர். அவரைக் கொண்டுவந்து சேர்க்க ஆள் இல்லையென்றால் பெரிய விமானமும் காலியாகும். எங்கள் தாப்பா ரோடு நிலையத்தில் நின்று பாருங்கள், தெரியும். கிளை போனபின் அந்தச் சந்திப்பு நிலையம் வெறும் நிலையமாகிவிட்டது.

அப்போது மாஸின் தலைமை நிர்வாகி இட்ரிஸ் ஜாலா. 2005 டிசம்பரில் ஷெல் நிறுவனத்திலிருந்து வந்தவர். இவர் பிறந்த ஊர் எது தெரியுமா? பாரியோ. டுவின் ஓட்டர் வரவில்லையென்றால் உப்பு இல்லாத அதே பாரியோ. மாஸை மீட்கும் திட்டம் முழுக்க முழுக்க எண்களால் ஆனது; ஆட்குறைப்பு இருந்தது, தடக் குறைப்பு இருந்தது, தலைமையகக் கட்டட விற்பனை இருந்தது. அந்த எண்களுக்கு நடுவில்தான் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், ஒரே ஆண்டில்.

மூத்தது ஃபயர்ஃபிளை. மாஸ் இழந்த உள்நாட்டுக்குள் மறுபடி நுழைய ஒரு பக்கவாசல் வேண்டும். தாயின் பெயரில், தாயின் சம்பளத்தில், தாயின் ஜெட் விமானங்களில் நுழைந்தால் பழைய நட்டமே திரும்பும். அதனால் தனிப் பெயர், தனிக் கணக்கு, தனி நிர்வாகம். விமானம் மட்டும் தாய் வீட்டிலிருந்து வந்த சீதனம்: இரண்டு ஃபோக்கர் 50கள். தலைமையிடம் கோலாலம்பூர் அல்ல, பினாங்கு. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்த வளர்ச்சி முக்கோணத்தின் நடுவில் பினாங்கு நிற்பதால், அங்கிருந்து கோத்தா பாரு, லங்காவி, புக்கெட் என்று சுற்றிவர எல்லா ஊருக்கும் குறுந்தூரம். தங்களைச் 'சமூக விமானச் சேவை' என்று சொல்லிக்கொண்டார்கள்.

நம் தாத்தாக்கள் ரஜுலா கப்பலில் வந்து இறங்கிய பினாங்கு அது. அங்கிருந்து லாரியிலும் ரயிலிலும் தோட்டங்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். பல வருடம் கழித்து, தோட்டம் உடைந்து, செம்பனை வந்து, பிள்ளைகள் கிளாந்தானிலும் திரங்கானுவிலும் தாதியாகவும் ஆசிரியராகவும் வேலைக்குச் சிதறினார்கள். அவர்கள் தீபாவளிக்கு வீடு வர மலையைத் தாண்ட வேண்டும். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறந்தது. மூடுபனியும் காட்டு யானையும் உள்ள பாதை. அதில் இரவு முழுக்கப் போகிற தூரம், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள்.

ஆனால் பினாங்கு மட்டும் போதவில்லை. மின்மினிக்கு உண்மையான வெளிச்சம் கிடைத்தது சுபாங்கில். 1965 முதல் நாட்டின் தலைவாசலாக இருந்த சுபாங், 1998இல் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்ததும் வெறிச்சோடியது. அங்கே திரும்ப வழக்கமான பயணியர் சேவை நடத்த ஃபயர்ஃபிளைக்கு 2007இல் அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: ஜெட் கூடாது, விசிறி விமானம் மட்டும். ஏர் ஆசியா எதிர்ப்புத் தெரிவித்தது. எங்களுக்கும் சுபாங்கைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டது. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அரசாங்கம் விசிறிக் கோட்டைத் தாண்டவில்லை. அந்தக் கோடுதான் ஃபயர்ஃபிளையின் வேலியாக நின்றது. ஜெட் மட்டுமே வைத்திருந்த போட்டியாளரால் அதற்குள் வர முடியவில்லை.

வேலிக்குள் வளர்க்க ஏற்ற பயிரும் கிடைத்தது. பிரான்சின் தூலூஸில் செய்யும் ஏடிஆர் 72. 2008 முதல் ஆரஞ்சு வண்ணம் பூசிக்கொண்டு இவை வந்து இறங்கின. எழுபத்திரண்டு நாற்காலி. இறக்கை மேலே, அதன் கீழே இரண்டு இயந்திரம், ஒவ்வொன்றிலும் ஆறு அலகு விசிறி. உள்ளே சுழல்வதும் ஜெட் மாதிரி வாயுவால் ஓடும் சுழலிதான். ஆனால் அந்தச் சக்தி சூடான காற்றாகப் பின்னால் பீறிடாமல் விசிறியைச் சுற்றுவதில் செலவாகிறது. வேகம் குறைவு. ஆனால் 45 நிமிடப் பயணத்தில் அந்த வேகக் குறைவு ஐந்து பத்து நிமிடம்தான், எண்ணெய் மிச்சமோ பெரிது. நீண்ட ஓடுபாதை தேவையில்லை. பின்பக்கக் கதவைத் திறந்தால் அதுவே படிக்கட்டாக இறங்கும். வண்டியில் படி கொண்டுவர வேண்டாம். சின்னத் துறைக்குச் சின்னக் கப்பல் என்று சொன்னேனே, அதுதான் இது.

இளையது மாஸ்விங்ஸ். ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் கையில் உட்பகுதித் தடங்கள் திணறின. பறப்புகள் தாமதமாவதும் ரத்தாவதுமாகச் சபா, சரவாக் மக்களின் மனக்குறை பெருகியது. 2007இலேயே அரசாங்கம் அந்தத் தடங்களை மாஸிடம் திருப்பிக் கொடுத்தது. அவற்றுக்கென்று மாஸ் தொடங்கிய துணை நிறுவனம் மாஸ்விங்ஸ், அக்டோபர் 1ஆம் தேதி பறக்கத் தொடங்கியது. தாய் பிறந்து சரியாக முப்பத்தைந்து ஆண்டு. இங்கே வணிகக் கணக்கு இல்லை. இது கூட்டரசு அரசாங்கத்தின் மானியத்தில் நடந்த சேவை. ஏடிஆரும் டுவின் ஓட்டரும் சேர்ந்த குடும்பம். ஃபிளை ஏசியன் எக்ஸ்பிரஸ் பின்னர் ஏர் ஆசியா எக்ஸ் ஆகி, நெடுந்தூரம் பறக்கப் போனது.

அந்த ஆண்டு மாஸ் 85 கோடி ரிங்கிட்டுக்கு மேல் லாபம் காட்டியது. பாரியோவில் பிறந்த ஒருவர் தலைமையில் பாரியோவின் விமானம் வீடு திரும்பியது என்று கேள்விப்பட்ட அன்று, நான் அங்கே பாடம் சொல்லிக் கொடுத்த ஒரு பையனுக்குத் தொலைபேசி அடித்தேன். அவன் அதற்குள் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். "சிக்கு, தராசு அதே தராசுதான்" என்றான்.

தாய் நிறுவனம் பிள்ளை பெறுவது மலேசியாவில் மட்டும் நடந்ததல்ல. இந்தியாவில் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1981 ஜனவரி 26இல் வாயுதூத்தைத் தொடங்கின. முதலில் வடகிழக்கு மலை ஊர்களுக்காக. பிறகு கான்பூரில் செய்த டோர்னியர் விமானங்களோடு தஞ்சாவூர், நெய்வேலி வரைக்கும் வந்தது. தேவைக்கு மேல் கிளை விரித்து, கணக்கு தாங்காமல், 1990களில் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள்ளேயே கரைந்தது. 1996இல் அலையன்ஸ் ஏர் பிறந்தது. அதன் ஏடிஆர் ஒன்றுதான் 2019இல் சென்னையிலிருந்து பலாலிக்குப் போய் இறங்கியது. யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே நாற்பதாண்டு மூடிக்கிடந்த வானம் அது. எந்தப் பெரிய நிறுவனத்தின் பெரிய விமானமும் அந்த முதல் பயணத்தைச் செய்யவில்லை. அந்தப் படத்தைத் தமிழ் நாளிதழில் பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். இடையில் தொற்றுநோய் வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் போனபோது அலையன்ஸ் ஏர் கூடப் போகாமல் அரசாங்கத்திடமே தங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு இருக்கிற ஆபத்து, தாயைப் போலவே ஆக ஆசைப்படுவது. ஃபயர்ஃபிளைக்கும் அது நேர்ந்தது. 2011 ஜனவரியில் போயிங் ஜெட்களோடு சிப்பாங்கிலிருந்து கோத்தா கினபாலு, கூச்சிங் என்று பறக்கப் போனது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மாஸும் ஏர் ஆசியாவும் பங்குகளை மாற்றிக்கொண்டு சமாதானம் செய்துகொள்ள, டிசம்பரில் ஜெட்கள் போயின. மின்மினி பழையபடி விசிறிக்குத் திரும்பியது. சமாதானமும் மறு ஆண்டே முறிந்தது. பிறகு 2014. எம்எச்370, எம்எச்17. அந்த ஆண்டைப் பற்றி இந்த நாட்டில் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தாய் நிலைகுலைந்து நின்ற மாதங்களிலும் ஆரஞ்சு விமானங்கள் காலையில் சுபாங்கிலிருந்து கிளம்பி மாலையில் திரும்பிக்கொண்டிருந்தன.

சிங்கப்பூர் கதையும் உண்டு. விசிறி விமானங்கள் சாங்கியை விட்டு சிலேத்தாருக்கு மாற வேண்டும் என்று சிங்கப்பூர் சொன்னது. சிலேத்தாரில் இறங்கும் வழிமுறை பாசிர் கூடாங் வானத்தின் மேல் வருவதால் இரு நாட்டுக்கும் பிணக்கு. 2018 டிசம்பரில் ஃபயர்ஃபிளையின் சிங்கப்பூர்ப் பறப்பு நின்றது. 2019 ஏப்ரலில் தீர்ந்து மீண்டும் பறந்தது. இரண்டு அரசாங்கங்கள் மோதியபோது முதலில் தரையில் நின்றது எழுபத்திரண்டு நாற்காலி விமானம்தான்.

மாஸ்விங்ஸின் கதை வேறு திசையில் திரும்பிவிட்டது. 2025 பிப்ரவரியில் சரவாக் அரசாங்கம் அதை வாங்கிக்கொள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஏர்போர்னியோ என்பது புதிய பெயர். பிள்ளை தாய்வீட்டை விட்டுச் சொந்த மண்ணுக்குப் போகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பாரியோவின் உப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்பதைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து முடிவு செய்வதைவிட, கூச்சிங்கில் முடிவு செய்வது பக்கம்.

தெலுக் இந்தானுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், எங்களுக்குப் பயணியர் விமான நிலையம் கிடையாது. ஜெண்டராத்தா தோட்டத்துக்குள் ஓர் ஓடுபாதை உண்டு. 1906இல் டேனிஷ்காரர் தொடங்கிய தோட்டம், ஓடுபாதையும் தோட்டத்துக்கானது. மேலே சின்ன விமானம் போனால் மரம் வெட்டுவதை நிறுத்தி அண்ணாந்து பார்த்த தலைமுறையின் பிள்ளை நான்.

2009இல் என் மகள் கிளாந்தானில் படிக்கப் போனாள். முதல் தடவை இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அவள் போய்ச் சேரும்வரை நானும் மனைவியும் தூங்கவில்லை. அடுத்த தடவை ஃபயர்ஃபிளையில் டிக்கெட் எடுத்தோம். விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பி, சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் வழியாகக் கடலோரச் சாலையில் சுபாங் போய்ச் சேர்ந்தோம். மனைவி கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பெட்டியில். பெட்டியை முகப்புத் தராசில் வைத்தபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பாரியோக் கதையை அவளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பயணிகள் நடந்தே போய், வால் பக்கப் படியில் ஏறினார்கள். பச்சைச் சட்டை போட்ட என் பிள்ளை கடைசிப் படியில் நின்று கையை ஆட்டினாள். ஒரு பக்க விசிறி சுற்றியது, பிறகு மறுபக்கம். அலகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்து, மங்கி, வட்டமாகி, வட்டமும் மறைந்து வெறும் காற்றானது. பாதி ஓடுபாதைகூடத் தாண்டியிருக்காது, மேலே எழும்பிவிட்டது. நான் அறியாமலே கையசைத்தேன், அப்பா தோளிலிருந்து அசைத்த மாதிரி.

மனைவி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தோம். சாலையில் லாரி நெரிசல். கோலா சிலாங்கூர் ஆற்றுப் பாலத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும், தொலைபேசி அடித்தது.

"அப்பா, இறங்கிட்டேன். பெட்டியும் வந்துடுச்சு. நீங்க வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இன்னும் கோலா சிலாங்கூரே வரலம்மா" என்றேன்.